மூங்கில் பிடிக்காத மண்

எங்கள் வீட்டு மண்ணில் மூங்கில் பிடிக்காது என்று என் மனைவி பொன்னம்மை சொல்கிறாள். பல வருடங்களாக இதை நம்பியும் நம்பாமலும் இருக்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, என்னைவிடப் பத்து வயது இளையவனுக்குப் போயிற்று. காலையில் இட்லி சாப்பிடும்போது பொன்னம்மையிடம் மட்டும் சொன்னேன். சாயங்காலம் எங்கள் ஸ்டாப்பான ஸ்ரீவராகத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், பப்படக்கடை மலையாளி என் கையைப் பிடித்துக்கொண்டு தேற்றினார். "சாரமில்லை சாரே, அடுத்த தடவை கிட்டும்."

சேதி போன வழி எனக்குத் தெரியும். எங்கள் கொல்லையில் இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சாவித்ரி. காலை பத்து மணிக்குப் பொன்னம்மையும் அவளும் மதிலில் கையூன்றினால் பன்னிரண்டுக்குத்தான் எடுப்பார்கள். என் சர்க்கரை அளவு, என் குறட்டை, எல்லாம் அந்த மதிலேறித்தான் ஊருக்குப் போயின.

மதிலை உயர்த்தினால் சண்டை. மூங்கில் வைத்தால் அழகு.

ஆபீஸ் பியூன் யோசுவா மலைப்பக்கம் விதுராக்காரர். மஞ்சள் மூங்கில் நாலு துண்டு கொண்டுவந்தார். மூன்றை மதிலோரம் நட்டோம்.

"இது ஓடிப் படர்ற சாதி இல்லை சாரே. நின்ன இடத்திலேயே கூட்டமாப் பெருகும். ரெண்டு கணு உள்ள துண்டு. படுக்க வெச்சு, நாலு விரல் மண்ணு மூடி, வைக்கோல் போடணும். மேடமாசம், அதான் உங்க சித்திரை, முழுக்க ஈரம் காயக் கூடாது. மழைக்கு முன்னே முளை வரும். ரெண்டு மூணு வருசம் கழிஞ்சா அந்தப் பக்கம் ஆளு உண்டான்னே தெரியாது."

"அதுதான் வேணும்."

பொன்னம்மை கொல்லைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நல்ல காரியம்தானே. நீங்க ஆபீசுக்குப் போயிருவேள். தண்ணி நான் விடுகேன்."

"தினமுமா?"

"தினமும். கஞ்சித்தண்ணியும் விடுகேன். வளமாக்கும்."

"சாவித்ரியைப் பார்க்க முடியாதே?"

"பின்னே? இருபது வருசமாப் பாத்தாச்சு. போரும்."

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் இணங்கியதில்லை. அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கஞ்சிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் துணி சுற்றிப் பிடித்து, மூன்று குழிக்கும் நிதானமாக வார்த்தாள். அபிஷேகம்போல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றும் அழுகின.

"மண்ணு சரியில்லை, கேட்டேளா" என்றாள்.

"ஆமா அண்ணாச்சி, உப்பு மண்ணு" என்றாள் சாவித்ரி, மதிலில் கையூன்றியபடி.

நாலாவது துண்டை யோசுவா ஆபீஸ் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் சும்மா புதைத்திருந்தார். ஏழு வருடம் கழித்து, நான் ஓய்வுபெற்ற அன்று, அது பெருகி நின்ற மூங்கில் கூட்டத்தின் நிழலில்தான் எனக்கு மாலை போட்டார்கள். மாலையை விட மூங்கிலைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

அதன்பிறகுதான் பகலில் என் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. மகள் பெங்களூரில். சுவர்க்கடிகாரம் மட்டும் பேசும். பத்து மணிக்கு ஒரு குரல் வரும்: "பொன்னம்மையக்கா, இருக்கேளா?" உடனே அவள் முகம் மலரும். இருபத்தெட்டு வருடம் நான் ஆபீசில் இருந்த பகல்களையெல்லாம் இந்தக் குரல்தான் நடத்திக்கொடுத்திருக்கிறது. அதை மூங்கில் வைத்து அடைக்கப் பார்த்தவன் எப்படிப்பட்ட ஆள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சுகமாக இல்லை.

போன வாரம் அவளுக்கு முட்டுவலி. சோற்றைக் கொல்லைப்படியில் வைத்து நான் வடித்தேன். கஞ்சியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம் என்று பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கினேன். இரண்டு உள்ளங்கையும் பழுத்தன. நான் போட்ட சத்தத்தில் பொன்னம்மை முட்டுவலியை மறந்து ஓடிவந்தாள்.

"ஐயோ, சுடச்சுடவா எடுத்தேள்? ஆற வெச்சுல்லா விடணும்! வேரு வெந்து போவும்லா!"

சொன்ன கையோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிலுக்கு அப்பால் சாவித்ரி வேறு பக்கம் பார்த்தாள்.

நான் கையை ஊதிக்கொண்டே, மெதுவாகத்தான் கேட்டேன்:

"அப்போ, மூங்கிலுக்கு விடும்போது பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடிச்சியே, அது எதுக்கு?"