அம்மன் தூக்கிய பாலம்

"அதெல்லாம் சரி மாமா, கோபுரத்துல மேல்தட்டை மட்டும் கழட்டிட்டா என்னா?"

"நீ உன் தலைய கழட்டி வெச்சிட்டு வேலைக்குப் போவியா?"

கேட்டவள் யுவராணி, அளத்துமேட்டுத் தூக்குப்பாலத்தின் ஆபரேட்டர். பாலத்துக் கைப்பிடிக் கம்பியில் வயிற்றை வைத்துத் தலைகீழாகக் குனிந்திருந்தாள். பதில் சொன்னவர் பூசாரி தட்சணாமூர்த்தி. கீழே கால்வாயில் நின்ற படகில், சட்டையில்லாத மார்பில் சந்தனத்தோடு, அம்மன் கோபுரத்துக்குக் காவலாக நின்றார். இரும்புக் குழாயில் வெல்டிங் அடித்துச் சாமந்தி சுற்றிய கோபுரம். அதன் உச்சி பாலத்தின் அடிக்கம்பியைவிட ஒரு முழம் உயரம்.

இன்றைக்கு மாசி மகம். முப்பது ஊர் சாமிகள் கடலில் குளிக்க வந்துகொண்டிருந்தன. கீழ்புத்துப்பட்டுப் பக்கமிருந்தும் இரும்பைப் பக்கமிருந்தும் ஜனம் வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கி, இந்த ஒரே பாலத்தைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போக வேண்டும். மற்ற சாமிகளெல்லாம் டாட்டா ஏஸில் ஜம்மென்று பாலத்தின் மேல் போய்விட்டன. அளத்தம்மன் மட்டும் தண்ணீரில்தான் போவாள். முதன்முதலில் ஊருக்கு வந்ததே உப்புப் படகில்தான் என்பதால் அவளுக்கு ரோடு ஆகாது. வருஷா வருஷம் படகு வரும், பாலம் சலாம் வைக்கிற மாதிரி எழும்பும், அம்மன் அடியில் போவாள்.

இந்த வருஷம் பாலம் எழும்பக்கூடாது. பாதுகாப்பு உத்தரவு. காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை. பாலத்தைத் தூக்கினால் கூட்டம் தேங்கும், தேங்கினால் நெரிசல், நெரிசலானால் நியூஸ் என்று மீட்டிங் போட்டு முடிவு செய்திருந்தார்கள். அதை ஊர் ஊராகப் போய் மைக்கில் சொல்லி, கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டியதும் யுவராணிதான். யாரும் படிக்கவில்லை. சாமி படகு வந்தால் எந்த உத்தரவும் தானாக விலகிவிடும் என்று ஊரே நம்பியது.

இன்ஜினியர் மணிவண்ணன் அப்படி நம்பவில்லை. காலையிலேயே வந்து மோட்டார் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"உன் பர்மனென்ட் ஆர்டர் என் டேபிள்ல இருக்குதும்மா. பாலம் இன்னிக்கி ஒரு இஞ்ச் எழும்பிச்சின்னு வெச்சிக்கோ, அது அங்கியே இருக்கும்."

மூன்று வருஷமாக டெம்பரரி. ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர் படித்து, உப்பளத்தில் கால் வெடிக்காமல் சம்பளம் வாங்குகிற முதல் பெண். அந்த ஆர்டருக்காக அவள் எழுதிய மனுக்களைத் தூக்கவே ஒரு பாலம் வேண்டும்.

அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. பாலத்தைத் தூக்க முடியாவிட்டால் போகட்டும். படகை இறக்கினால் என்ன? பௌர்ணமி, கடல் ஓதம் ஏறுகிற மாதிரியே நன்றாக வற்றவும் வற்றும். இரண்டு மணிக்குக் கால்வாயில் தண்ணீர் இறங்கும், கூடவே கோபுரமும் இறங்கும்.

இறங்கியது. ஒரு முழம் ஒரு சாணாகக் குறைந்தது. அந்த ஒரு சாண் குறையவில்லை.

"பாரம் ஏத்துங்க மாமா. படகு இன்னும் கொஞ்சம் அமுங்கும்" என்றாள் யுவராணி.

பாரத்துக்கு அங்கே பஞ்சமா? கரையெங்கும் உப்பு அம்பாரம். ஊரே இறங்கி முப்பது மூட்டை உப்பைக் கட்டிப் படகில் அடுக்கியது. படகு மெல்ல அமுங்கி, கோபுரத்து உச்சிக்கும் பாலத்துக்கும் நடுவில் நாலு விரல் சந்து தெரிந்தது. யுவராணி கைதட்டினாள்.

பூசாரி கைதட்டவில்லை. மேலே ஆயிரக்கணக்கில் ஜனம் நடந்து போய்க்கொண்டிருக்கிறது, அத்தனை பேர் செருப்புக்கும் கீழே அம்மன் தலை போவதா என்று கேட்டார். பாலத்தின் மேல் ஒரு ஈ காக்கா இருக்கக்கூடாது. அப்போதுதான் படகு நகரும்.

பாலத்து முனையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆரோக்கியராஜ் காலையிலிருந்து விசில் ஊதி ஊதி உதடு வீங்கி நின்றார். யுவராணி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். கூட்டம் நிற்கக்கூடாது என்பதற்காகத்தானே பாலத்தையே தூக்காமல் வைத்திருக்கிறோம், இப்போது பாலத்தைத் தூக்காமலிருக்கக் கூட்டத்தை நிறுத்தச் சொல்கிறாயா என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

"ரெண்டே நிமிஷம் சார்."

"ரெண்டு நிமிஷம்னா ரெண்டு நிமிஷம்."

கயிறு கட்டினார்கள். பாலம் காலியானது. படகு குனிந்தவாக்கில் உள்ளே நுழைந்தது. பாதி தூரம் போனது. அங்கே அப்படியே உட்கார்ந்துகொண்டது.

தண்ணீர் வற்றியிருக்கிறது, படகிலோ முப்பது மூட்டை. அடி சேற்றில் பதிந்துவிட்டது. கழி போட்டு நெம்பினார்கள், இறங்கித் தோள் கொடுத்தார்கள், தவிலை வேகமாக அடித்துப் பார்த்தார்கள். படகு அசையவில்லை. அம்மன் பாலத்துக்கு நேர் கீழே இருக்கிறாள், ஆகவே மேலே ஒரு ஆளும் நடக்கக்கூடாது. இரண்டு நிமிஷம் இருபதாகி, அரை மணியாகி, ஒன்றரை மணி நேரமானது. மேற்கே தார் ரோடு வரை தலை. கிழக்கே குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பியவர்கள். எந்தக் கூட்டம் சேரக்கூடாது என்று மூன்று மீட்டிங் போட்டார்களோ, அந்தக் கூட்டம் அச்சு அசலாக வந்து சேர்ந்துவிட்டது. பொம்மையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு ஐஸ்வண்டிக்காரர் மட்டும் கடவுள் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூட்டைகளை இறக்கலாம் என்றால் பாலத்து அடியில் ஆள் நிமிர இடமில்லை. நாலு மணிக்கு மேல் தண்ணீர் ஏறும், படகு தானாக மிதக்கும், பொறுமையாக இருங்கள் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தாள் யுவராணி.

தண்ணீர் ஏறியது. வெளியே மட்டுமா ஏறியது? பழைய படகு, பலகைச் சந்து வழியாக உள்ளேயும் ஏறியது. படகிலிருந்தவர்கள் குடத்தால் இறைத்து இறைத்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒருவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். சாக்கு மட்டும் கையோடு வந்தது. உப்பு தண்ணீரில் கரையும் என்று, உப்பளத்திலேயே பிறந்து உப்பளத்திலேயே வளர்ந்து, மூட்டை கட்டி அடுக்கிய நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கரைந்த உப்பைத்தான் அரை மணி நேரமாகக் குடம் குடமாகக் கால்வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பாரம் போனது. சேறு விட்டது. மகத்து ஓதம் சும்மா வருமா? படகு ஜிவ்வென்று எழும்பியது. கோபுரத்து உச்சி பாலத்தின் அடிக்கம்பியில் 'டங்' என்று முட்டி நின்றது.

இப்போது போகவும் முடியாது, வரவும் முடியாது. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. குழாய் முனகியது. பாலம் முனகியது. படகு ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது. பூசாரி கோபுரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், குதிக்கச் சொன்னவர்களிடம் அம்மனை விட்டு வரமாட்டேன் என்றார்.

யுவராணி மணிவண்ணனுக்குப் போன் போட்டாள். அவ்வளவு கூட்டத்தில் டவர் எங்கே கிடைக்கும்? அவரும் அந்தக் கூட்டத்துக்குள்தான் எங்கோ ஜீப்போடு மாட்டிக்கொண்டிருந்தார், சாவி அவரோடு மாட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பாலம் ஒரு தராசு மாதிரி. ஒரு முனையில் கீல், கீலுக்குப் பின்னால் பாலத்தின் எடைக்கு ஏறக்குறையச் சமமாக ஒரு கான்கிரீட் பாரம். மறு முனையைக் கரையோடு பூட்டி வைப்பது ஒரே ஒரு இரும்பு ஆணி. யுவராணி அந்த ஆணியைப் பார்த்தாள். அது லேசாக வளைந்திருந்தது. இன்னும் பத்து நிமிஷம் போனால் படகு கவிழும், பூசாரி அடியில் மாட்டுவார்.

ஆணியைக் கழற்றினால் பாலம் எழும்பும். எழும்பினால் ஆர்டர் டேபிளிலேயே இருக்கும்.

அவள் சுத்தியலை எடுத்தாள்.

"ஏம்மா, என்னா பண்ற நீ?" ஆரோக்கியராஜ் ஓடிவந்தார்.

"பாலத்த தூக்கக்கூடாதுன்னுதான் சார் உத்தரவு. ஆணிய கழட்டக்கூடாதுன்னு எங்கியும் எழுதல. நோட்டீஸ் ஒட்டுனவ நான்தான், எனக்குத் தெரியும்."

மூன்று அடி. ஆணி தெறித்து விழுந்தது.

பாலம் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு, யாரும் தொடாமல், மோட்டார் ஓடாமல், ஒரு விரல் எழும்பியது. ஒரு சாண் எழும்பியது. கீழே சாமந்திக் கோபுரம் அதைத் தலையால் முட்டித் தூக்கியது. ஒரு முழம் தூக்கியதும் பின்பாரம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இரண்டு கரையிலும் சத்தம் அடங்கிப்போனது. அவ்வளவு பெரிய இரும்புப் பாலம் ஓர் ஓலைத் தட்டி மாதிரி வானத்தைப் பார்த்து எழ, சாய்ந்திருந்த படகு நிமிர்ந்து, கடலைப் பார்த்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"அம்மா தூக்கிட்டாடா பாலத்த" என்று ஒரே ஒரு குரல். அப்புறம் பதினைந்தாயிரம் பேர்.

ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆரோக்கியராஜ் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். படகு போனதும், எழுந்த வேகம் தீர்ந்து, பாலம் சாதுவாகத் தானே இறங்கிக் கரையில் உட்கார்ந்தது. கயிறு அவிழ்ந்தது. அவ்வளவு நேரம் முண்டிக்கொண்டிருந்த கூட்டம் இப்போது கைகூப்பிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நடந்தது. அன்றைக்கு நாள் முழுக்க விசில் ஊதியும் வராத ஒழுங்கு.

மணிவண்ணன் வேர்த்து வழிந்து வந்து சேர்ந்தபோது யுவராணி வேலை போன முகத்தோடு நின்றாள். அவர் மோட்டார் பெட்டியைப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. சட்டைப் பையைத் தொட்டார். சாவி இருந்தது. நெடுநேரம் யோசித்தார். பாலத்தை யாராவது தூக்கினார்கள் என்று எழுதினால், சாவி வைத்திருந்த ஆள் அவர் ஒருவர்தான். பதினைந்தாயிரம் பேர் அம்மன் தூக்கினாள் என்கிறார்கள், அம்மனுக்கு மெமோ கொடுக்கவும் முடியாது. கடைசியில் அவர் ரிப்போர்ட் எழுதினார். பாலம் இயற்கை விசையால் உயர்ந்தது, பணியாளர் தக்க சமயத்தில் ஆணியை அகற்றி உயிர்ச்சேதம் தவிர்த்தார், பணி நிரந்தரத்துக்கு முழுத் தகுதி உடையவர்.

"திங்கக்கிழம வந்து ஆர்டர வாங்கிக்கோம்மா" என்றார், பாலத்தை ஒரு மாதிரி பயத்தோடு பார்த்துக்கொண்டே.

யுவராணி கடற்கரைக்கு ஓடினாள். ஓட விட்டார்களா? வழியெல்லாம் மாலை, குங்குமம், செல்ஃபி. காலையில் அவளைத் திட்டிய வாயெல்லாம் இப்போது எங்க வீட்டுப் பொண்ணு என்றது. சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, அலையில் அளத்தம்மன் படகு ஆடியபடி நின்றது. கோபுரத்துக்குள் இன்னும் பட்டுத்திரை மூடியிருந்தது. கடல் தண்ணீர் தெளித்த பிறகுதான் திரையை விலக்கித் தரிசனம். உள்ளே அலங்காரம் செய்வது பூசாரியின் மனைவி செல்லம்மாளின் வேலை, விடியற்காலையிலேயே முடித்துத் திரையை இழுத்துவிடுவாள். பூசாரி கற்பூரத் தட்டோடு தயாரானார்.

அப்போது யாரோ யுவராணியின் கையைப் பிடித்து இழுத்தார்கள். செல்லம்மாள்தான். மணலில் உட்கார்ந்து உட்கார்ந்து சேலையெல்லாம் மணல். மடியில் ஈரத்துண்டு சுற்றிய ஒரு சின்ன மூட்டையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள்.

"யுவராணி, அவரு திரைய தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயி நிறுத்தும்மா. போன் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சிடுச்சி. சட்டைய கழட்டி ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டாரு போல, போன் அதுலதான் இருக்குது."

"ஏன் அத்த, என்னா ஆச்சி?"

"நீ ஒட்டுன நோட்டீஸ நான் படிச்சேனே. பாலம் தூக்க மாட்டாங்கன்னு போட்டிருந்துச்சி, அதான் விடியக்காலமே சாமிய மடியில வெச்சிக்கினு ஷேர் ஆட்டோல வந்து குளிப்பாட்டிட்டேன். அவரு கத்துவாரேன்னு, அங்க உள்ள பட்டுப்பொடவை சுத்தி எங்க ஊட்டு இட்லி குண்டானத்தான் வெச்சிருக்கேன்."

அப்படியென்றால் அந்தப் பாலத்தைத் தூக்கியது யாருங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?