ரோபோவும் காரில் ஓர் இடமும்

இந்த ஜென்மத்தில் இனி விளக்குமாற்றைத் தொடுவதில்லை என்று புரட்டாசியில் ஒரு சபதம் எடுத்தேன். சும்மா எடுத்த சபதம் இல்லை. பல்லைக் கடித்து, முஷ்டியை மடக்கி, சோபாவில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தே எடுத்த சபதம். வேண்டுமானால் சோபாவைக் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் கிருபாசங்கர். கோவை கணபதியில் பம்புக்கு உதிரி பாகம் கடைகிற ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறையில் நான் முதலாளி. வீட்டில் என் மனைவி லோகப்பிரியா முதலாளி. அவள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சரோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

வீடு கூட்டுவதில் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. வேலை நாளில் அவள். ஞாயிறும் பண்டிகையும் நான். கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுக் காலண்டரைத் திருப்பிய பிறகுதான் நம் நாட்டில் எத்தனை பண்டிகை என்பது உறைத்தது.

இப்படியிருக்க, பக்கத்து வீட்டு அப்துல் குத்தூஸ் பாய் ஒரு சாயங்காலம் காம்பவுண்டுச் சுவரின் மேல் தலையை நீட்டினார்.

"ஏனுங்க கிருபா, விஜயதசமி லீவுல ஆழியாறு டேமுக்குப் போறமுங்க. நானு, சாஜிதா, பொண்ணு, மாப்பிள்ளை. காருல ஒரு சீட்டு காலி. வாரீங்களா?"

"வாரேன் பாய்!" என்றேன்.

"வாரேனுங்க!" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. லோகப்பிரியா!

"நீ எதுக்கு அம்மணி?"

"அப்படியே ஆனைமலைக்கு ஒரு எட்டுப் போயி மாசாணியம்மனைக் கும்பிட்டுட்டு வரலாமுன்னுதான். எத்தனை வருசமா கேக்கறேன்? நீங்க எதுக்குங்க?"

"தண்ணியில விழுந்து கெடக்க. அப்பறம் சுடச்சுட வறுத்த மீனு."

"சாமி பெருசுங்களா, மீனு பெருசுங்களா?"

நான் பாய் பக்கம் திரும்பி, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று பேச்சை மாற்றினேன். அவள் விடவில்லை.

"சரி. பண்டிகைன்னா கூட்டறது யாரு முறைங்க?"

"என் முறைதான்."

"ஆயுத பூசை முடிஞ்சு ஊடு பூராம் பொரியும் கடலையும் எறைஞ்சு கெடக்குமே? வெளக்கு வெச்சதுக்கப்பறம் கூட்டக்கூடாது. காலையில மறுபூசை முடிஞ்சுதான் சீமாத்தைக் கையில எடுக்கோணும். பாய் விடியறதுக்குள்ள வண்டியெடுத்துருவாரு. ஆகக்கூடி, கூட்டற ஆளு ஊட்டுல. மத்த ஆளு காருல."

பாய் மெதுவாகத் தலையைச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டார். அவருக்கும் வீட்டில் ஒரு முதலாளி உண்டு.

எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். பட்டறைக்கு ஒரு பழைய ஆம்னி வேன், அது சரக்கு இல்லாமலே பக்கத்திலிருக்கும் சரவணம்பட்டி தாண்டினால் மூச்சு வாங்கும். ஆகவே பாய் காரில் இருக்கும் அந்த ஒரு சீட்தான் எனக்கு ஆழியாறு. உள்ளே போய்ச் சோபாவில் படுத்து இதை நினைத்துக்கொண்டிருந்தவன், விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். சபதம் பிறந்தது அப்போதுதான்.

மறுநாளே ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். "ஊட்டைத் தானாவே கூட்டற மிஷினு இருக்குதுங்களா?" என்றேன். அங்கிருந்த பெண் வட்டமாக, தோசைக்கல்லுக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்றைத் தரையில் வைத்தாள். பட்டனை அழுத்தினாள். அது ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்பியது பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது!

"சார், இது கூட்டும், துடைக்கும். தலைக்கு மேல இருக்கு பாருங்க குமிழு, அதுல லேசர் கண்ணு. சுத்திச் சுத்திப் பாத்து உங்க வீட்டையே மேப் போட்டுக்கும். படிக்கட்டு வந்தா நின்னுக்கும். சார்ஜ் கம்மியானா தானே போயி ஏத்திக்கும். ஏத்திக்கிட்டு, விட்ட எடத்துல இருந்து கூட்டும்."

"விட்ட எடத்துல இருந்தா?"

"ஆமா சார். பொறுக்கின குப்பையைக் கூட அதுவே டப்பாவுல கொட்டிக்கும். நீங்க ஊர்லயே இல்லைன்னாலும் போன்ல ஆன் பண்ணினா கூட்டும்."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதற்கப்புறம் எதையும் கேட்கவில்லை. கட்டித் தரச் சொன்னேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது லோகப்பிரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்னங்க, எடை பாக்கற மிஷினுங்களா?"

"ரோபோ! ஆழியாறு போகற அன்னைக்கு இதுதான் கூட்டப் போகுது. நான் தண்ணியில கெடந்துக்கிட்டே போனை அமுக்குவேன், இது இங்க பொரியைப் பொறுக்கும். கூட்டற ஆளு ஊட்டுலதான் இருக்கும் அம்மணி. நீ சொன்ன கணக்குதான்!"

அவள் விரல் விட்டு எதையோ எண்ணினாள். கணக்கு டீச்சர் எண்ண ஆரம்பித்தால் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க. அன்னைக்கு இது தானா கூட்டுச்சுன்னா நீங்க போங்க. கூட்டாம நின்னுபோச்சுன்னா நான் போறேன். பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்!" என்றேன். கையில் அடித்துச் சத்தியமே செய்துவிட்டேன்.

மிஷினைத் தட்டிவிட்டேன். அடடா, அந்த முதல் நாளை என்னவென்று சொல்வேன்! ஹாலைக் கோடு போட்ட மாதிரி நேர்நேராகக் கூட்டியது. நாற்காலிக் காலைச் சுற்றி வந்தது. மூலையில் ஒரு சின்ன பிரஷ்ஷை நீட்டி, ஒளிந்திருந்த தூசியை வழித்து இழுத்தது. வாசலில் படி வந்ததும் டக்கென்று நின்று, திரும்பி வந்தது. என் கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் புத்தி கிடையாது. பிறகு கட்டிலுக்கடியில் போனது. நான் கல்யாணமான நாளிலிருந்து குனிந்து பார்க்காத இடம் அது. உள்ளே போய்த் தலைமுடி, ஹேர்பின், பேனா மூடி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து, கடைசியில் மைசூர்பா சுற்றின காகிதம் ஒன்றையும் அவள் காலடியில் கொண்டுவந்து விட்டது.

"ஏனுங்க, சக்கரை இருக்குது, இனிப்பே தொடறதில்லைன்னு டாக்டர்கிட்டச் சொன்னீங்க?"

"அது பழைய காகிதம்."

"மெத்துனு இருக்குதுங்க. வாசம் கூடப் போகலை." அவள் குனிந்து மிஷினைத் தட்டிக் கொடுத்தாள். "என்ற தங்கம்!"

இத்தனை வருடத்தில் என்னை ஒரு நாள் தங்கம் என்றதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கும் அதற்கும் ஒரே ஒட்டு. மிஷினை ஓட்டுகிற ஆப்பைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டாள். அதில் இருந்த குறிப்பெல்லாம் பரீட்சைக்குப் படிப்பது போல் படித்தாள். பூசை அறைக்குள் போகக்கூடாது என்று மேப்பில் கோடு போட்டாள். நான் சோபாவில் உட்காருகிற இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அங்கே மட்டும் இரண்டு முறை கூட்டச் சொல்லி வைத்தாள். பக்கத்து வீட்டு சாஜிதா பேகத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே கூட்டினாள். வீட்டுக்கு வந்தால் தரை பளபளவென்றிருக்கும். நான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அணைக்கட்டையும் மீனையும் நினைத்துக்கொள்வேன். ஐயோ, அந்த நாட்கள்!

ஆயுத பூசை வந்தது.

கோயமுத்தூர்க்காரனுக்கு மற்ற பண்டிகையெல்லாம் பண்டிகை. ஆயுத பூசைதான் உயிர். பட்டறையில் ஒவ்வொரு லேத்தையும் துடைத்து, எண்ணெய் போட்டு, நாலு பக்கமும் சந்தனம் தீட்டிக் குங்குமம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தோம். பொரி கொடுத்தோம். அதே கையோடு சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஸ்கூட்டருக்குப் பொட்டு. மிக்சிக்கு, கிரைண்டருக்கு, தேங்காய்த் துருவிக்கு, ஏணிக்குப் பொட்டு. டிவி ரிமோட்டுக்குக் கூட வைத்தேன், அதுவும் உழைக்கிறது.

மிஷினுக்கு முன்னால் வந்ததும் எனக்கு நெஞ்சு விம்மியது. நாளைக்கு என்னை ஆழியாறு அனுப்பப் போகிற தெய்வம் அல்லவா! குமிழின் மேல் ஒரு பெரிய பொட்டு வைத்தேன்.

பக்கத்தில் லோகப்பிரியா பயபக்தியோடு கற்பூரத் தட்டுடன் நின்றாள்.

"ஏனுங்க, மேல மட்டும் வெச்சா எப்படிங்க? பட்டறையில நாலு பக்கமுந்தான வெப்பீங்க?"

"அட, ஆமா!"

"குமிழைச் சுத்தி நல்லா வைங்க. ஒரு பக்கம் விட்டா அந்தப் பக்கம் கோவிச்சுக்கும்."

வைத்தேன். குமிழைச் சுற்றிலும் சந்தனத்தை வழித்துப் பூசினேன்.

"கொஞ்சம் கெட்டியா வைங்க. காய்ஞ்சா உதிர்ந்துரும் பாருங்க."

கெட்டியாக வைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. கூட்டுகிற மிஷினுக்குக் கூட இப்படி மரியாதை செய்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள்? நானே அவளைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூசை முடிந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து பொரியைத் தின்றார்கள். தின்றது கொஞ்சம், இறைத்தது மிச்சம். போகட்டும், நமக்கென்ன!

விஜயதசமி விடியற்காலை. மறுபூசை முடித்தேன். தோளில் துண்டு, கையில் மாற்றுத்துணிப் பை, எண்ணெய் வைத்த தலை. கேட்டுக்கு வெளியே பாய் ஹாரன் அடித்தார். நான் கம்பீரமாகப் பட்டனை அழுத்தினேன்.

மிஷின் பாட்டுப் பாடியது. கிளம்பியது. நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. திரும்பியது. டீப்பாயில் முட்டியது. பொரிக்கு நடுவில் நின்று, கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி தன்னைத்தானே சுற்றியது. பிரஷ் பட்டுப் பொரி நாலா பக்கமும் தெறித்தது. அப்புறம் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரலில் இங்கிலீஷில் ஏதோ படபடவென்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

"நடடா ராசா!" என்றேன். தட்டினேன். தூக்கிக் குலுக்கினேன். ஈரத் துணியை எடுத்துக் குமிழைத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் குழைந்து, குங்குமத்தோடு சேர்ந்து, குமிழின் இடுக்கில் சேறாக இறங்கியது. மறுபடி அழுத்தினேன். வெள்ளைக்காரி மறுபடி திட்டினாள்.

பாய் இன்னொரு ஹாரன் அடித்தார்.

அறைக்கதவு திறந்தது. லோகப்பிரியா வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் எலுமிச்சம்பழ மாலையும் தேங்காய்ப் பையும். எல்லாம் தயார்!

"ஏனுங்க, நின்னுபோச்சுங்களா?"

"ஒரு அஞ்சு நிமிசம் பொறு..."

"பாவம், பாய் எத்தனை நேரந்தான் நிப்பாரு? கையில அடிச்சுச் சொன்னீங்க. பேச்சு மாறக்கூடாதுங்க." செருப்பை மாட்டினாள். "சீமாறு கதவுக்குப் பின்னால இருக்குது. கட்டிலுக்கடியில மறந்துபோடாதீங்க. வாரேனுங்க!"

வாசலுக்கு ஓடினேன். சாஜிதா பேகம் பின் சீட்டில் நகர்ந்து இடம் கொடுத்தார். "அண்ணா வரலீங்களா?" என்று கேட்டார். "அவருக்கு வேலையிருக்குதுங்க அக்கா" என்றாள் என் மனைவி. பாய் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கியரைப் போட்டார். கார் போய்விட்டது. நான் தோளில் துண்டோடு நின்றேன்.

எண்ணெய் வைத்த தலையோடு வீடு கூட்டியிருக்கிறீர்களா? நான் கூட்டினேன். ஒவ்வொரு பொரியாகக் கூட்டினேன். பொரி என்பது விளக்குமாற்றைப் பார்த்தால் ஓடுகிற சாதி. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் பறக்கும். கட்டிலுக்கடியில் வயிறு பிதுங்க ஊர்ந்தேன். குழாயடியில் குளித்தேன். மத்தியானம் பழைய தக்காளித் தொக்கைத் தொட்டுக்கொண்டு தயிர்ச்சோறு தின்றேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கடைக்குப் போய் மிஷினைத் திருப்பி வீசிவிட்டு வருவதென்று பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லோகப்பிரியா. பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா? இங்க மீனு வறுக்கறாங்க. வாசம் ஆளைத் தூக்குதுங்க!"

"நீ மீனு வேண்டாம், சாமிதான் வேணும்னு சொன்னயே?"

"சாமியைக் கும்பிட்டாச்சுங்க. அப்பறமென்ன?"

"உன்ற தங்கம் உருப்படாத மிஷினு. நாளைக்கே திருப்பிக் குடுத்துபோட்டு வாரேன்."

"ஐயோ, அதை ஒண்ணும் பண்ணிபோடாதீங்க! மிஷினுக்கு ஒரு கோளாறும் இல்லைங்க. சந்தனம் அதோட கண்ணை மறைச்சுபோட்டுது, அவ்வளவுதான். ஈரத்துணி மட்டும் வேண்டாமுங்க. பழைய டூத் பிரஷ்ஷுல இடுக்கைத் தட்டி, காஞ்ச துணியில தொடைங்க, ஓடும். கண்ணு மேல எதுவும் படக்கூடாதுன்னு ஆப்புல மொத நாளே போட்டிருந்துதுங்களே."

பெட்டியைத் தேடுவதை விட்டேன். நாலு பக்கமும் வைங்க என்றது யார்? கெட்டியா வைங்க என்று கற்பூரத் தட்டோடு நின்றது யார்?

"மொத நாளே தெரியுமா? அப்ப நேத்துப் பொட்டு வெக்கறப்பவே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன அம்மணி?"

அந்தப் பக்கம் அவள் மீனைக் கடிக்கிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

"சொல்லிபோட்டா, அப்பறம் காருல நான் எங்கீங்க உக்கார்றது?"