மீட்டர் எண் மாறவில்லை

மச்சானின் பயணப்படி மூன்றாவது மாதமாக நிராகரிக்கப்பட்ட செய்தி வீட்டுக்கு வந்தபோது, ஆவணக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. அந்தச் சலுகை ஒரு நிமிடம்தான் நீடித்தது.

"எங்கண்ணன் வெயில்லயும் மழையிலயும் பைக்ல சுத்தி லிஃப்ட் ரிப்பேர் பண்ணுது. நீங்க ஏசியில உக்காந்து அதுக்கு வேட்டு வைக்கிறீங்க" என்றாள் மனைவி.

"நான் வைக்கல. ஏஜென்ட் வைக்குது."

"அந்த ஏஜென்ட்டுக்குச் சொல்லிக் குடுக்கறது யாரு?"

அவர்தான். லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் டெக்னீஷியன்கள் மாதாமாதம் பைக் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பி, சொந்த பைக்கில் ஓடிய கிலோமீட்டருக்குப் பயணப்படி கேட்பார்கள். முன்பெல்லாம் ஓர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஏஐ ஏஜென்ட்டை உட்கார வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தை 'ஏற்பு' என்றோ 'நிராகரிப்பு' என்றோ மாற்ற அதனிடம் ஒரு மென்பொருள் கருவி இருந்தது. அந்தக் கருவியை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்ட் படிப்பதற்காகக் குறிப்பு எழுதுவதுதான் ஆவணக்காரரின் உத்தியோகம். மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் விடுவதும் மேலாளர் கையில். இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததே மச்சான்தான் என்பதை மனைவி வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்தத் தவறியதில்லை.

வாஷிங் மெஷின் கையேடு எழுதிய காலத்திலிருந்தே அவருக்கு ஒரு கொள்கை உண்டு. படிக்கிறவன் தப்பாகச் செய்தால், எழுதினவன் தப்பாக எழுதியிருக்கிறான். அதனால் அவர் தன்னைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்பட்டதே இல்லை.

அலுவலக வாசலில் காவலாளி தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளைக்கு ஏறுங்க சார், வீட்டுல கொண்டு விடறேன்" என்றார். பார்க்கலாம் என்று ஆவணக்காரர் தலையாட்டினார். பஸ்ஸில் வந்து போகும் அவருக்கு எல்லா பைக்கும் ஒன்றுதான்: இரண்டு சக்கரம், ஒரு சத்தம்.

மச்சானின் விண்ணப்பத்தைத் திறந்தார். 'மூன்று மாதமும் படத்தில் ஒரே மீட்டர் எண். எண் மாறவில்லை. ஆகவே நிராகரிப்பு' என்று ஏஜென்ட் எழுதியிருந்தது. மச்சானுக்குப் போன் போட்டார்.

"மீட்டர் செத்துப்போச்சு மாப்ளே. மிஷினுக்கு மனுஷன் படற பாடு எங்க தெரியும்?"

நியாயம்தான். குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்: 'எண் மாறாவிட்டால் மீட்டர் பழுது என்று கொள்க, சொல்லும் தூரத்தை நம்புக.'

விஷயம் எப்படியோ கசிந்தது. புதன்கிழமைக்குள் நாற்பத்தோரு டெக்னீஷியன்களின் மீட்டர்கள் ஒரே வாரத்தில் உயிரை விட்டன. ஒருவர், ஊரைவிட்டே நகராதவர், நாட்டின் எல்லை வரை போய்த் திரும்பியிருந்தார். ஏஜென்ட் அத்தனையையும் நம்பியது. இந்த அமளியில் மச்சானின் விண்ணப்பம் மட்டும் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டது என்ற கணக்கில் அசையாமல் கிடந்தது.

"ஊருக்கெல்லாம் குடுத்துட்டு எங்கண்ணனுக்கு மட்டும் இல்லையா?" என்றாள் மனைவி.

'தூரம் சந்தேகமாக இருந்தால் மேலாளரிடம் கேட்கவும்' என்று அடுத்த வரியை எழுதினார். மேலாளர் பல் பிடுங்கப் போயிருந்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருந்த நேரத்தில் அவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் போய்ச் சேர்ந்தன.

"இன்னொரு தடவை என் போன் அடிச்சா..." என்றார் மேலாளர், வீங்கிய கன்னத்தோடு. மீதியைச் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை.

ஆவணக்காரர் மதியம் சாப்பிடவில்லை. கம்பெனியில் மச்சானுக்கு இருபது வருட சர்வீஸ். மனிதனுக்கு மனிதன் வைக்கும் மரியாதையை மெஷினுக்கும் சொல்லிக் கொடுத்தால் என்ன? எழுதினார்: 'யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். நீண்ட காலம் பணியாற்றுபவர்களை நம்பி, அவர்களுடைய பழைய விண்ணப்பங்களையும் மறுபடி எடுத்து ஏற்கவும். ஏற்றதும் அன்பாக ஒரு செய்தி அனுப்பவும்.'

கம்பெனி ஏட்டில் எல்லோரையும்விட நீண்ட சர்வீஸ் உள்ளவர் ஒரு டெக்னீஷியன். இரண்டு வருடம் முன்பு இறந்துபோனவர். பெயரை யாரும் நீக்காததால் சர்வீஸ் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் கடைசியாகப் போட்டுக் கிடப்பில் கிடந்த விண்ணப்பத்தை ஏஜென்ட் எடுத்து ஏற்க, மறுநாள் காலை அவருடைய போனுக்குச் செய்தி போனது: 'உங்கள் பயணம் ஏற்கப்பட்டது. தொடர்ந்து பயணிக்க வாழ்த்துகள்.'

போனை வைத்திருந்த அவர் மனைவி நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்து, "அவரு இல்லைங்கறது இங்க யாருக்குமே தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது ஆவணக்காரர்தான். அவமானத்தில் அவரால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேலாளர் கதவைச் சாத்தினார். "தப்பு ஏஜென்ட் மேலயா?"

"இல்ல சார். எழுதினபடிதான் செஞ்சிருக்கு. படிக்கிறவன் தப்பாச் செஞ்சா, எழுதினவன்தான்..."

"நல்லது. நானும் அதைத்தான் நினைச்சேன். மாசக் கடைசி வரைக்கும்கூட நீங்க வர வேண்டாம்."

மேஜை சாமான்கள் ஒரு பையில் அடங்கிவிட்டன. படி இறங்கும்போது மச்சான் கூப்பிட்டார்.

"மூணு மாசத்துதும் ஏத்துக்கிச்சு மாப்ளே. உன் எழுத்துல என்னமோ இருக்கு."

வேலை போனதை அவர் சொல்லவில்லை. உழைத்த ஒரு மனுஷனுக்காவது நியாயம் கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த ஒரு ஆறுதலோடுதான் வாசலுக்கு வந்தார்.

பையைப் பார்த்ததுமே காவலாளிக்குப் புரிந்துவிட்டது. பைக்கை எடுத்தார். "இன்னிக்காவது ஏறுங்க சார்."

ஏறினார். இரண்டு தெரு தாண்டினார்கள். ஏதாவது பேசவேண்டுமே என்று, "வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றார்.

"ஓடாதா பின்ன? உங்க மச்சான் பஸ்ஸுக்கு மாறினப்ப அவர்கிட்ட வாங்கினதுதானே சார், எட்டு மாசமாச்சு" என்றார் காவலாளி. "மீட்டர்கூட இன்னும் பக்காவா ஓடுது."