மூளை மாடியில் இருக்கிறது

மனிதகுலம் இதுவரை கண்ட நிர்வாக முறைகளிலே தலையாயது எங்கள் சலவை நிலையத்தின் முறைதான். "தலையாயது" என்ற சொல்லை யோசித்தே போட்டிருக்கிறேன்.

முதலாளி என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். ஒருநாள் அவருடைய சுண்டுவிரல் மரத்துப்போக, நரம்பு மருத்துவரிடம் போனார். மருத்துவர் படம் காட்டி விளக்கினாராம். தோலில் பட்டதை ஒரு நரம்பு முதுகுத்தண்டு வழியாக மூளைக்குக் கொண்டுபோகும். மூளையின் கட்டளையை வேறொரு நரம்பு தசைக்குக் கொண்டுவரும். அந்த இடத்தில் அத்தானுக்குப் போன் வந்துவிட்டது. மிச்சத்தைக் கேட்காமலே ஞானியாகத் திரும்பினார்.

மறுநாளே கூட்டம் போட்டார்.

"இனிமே நான்தான் மூளை. மாடியில இருப்பேன். மச்சான் முதுகுத்தண்டு."

வளைந்து கொடுத்தே பழகியவன் என்பதால் பதவி எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"டிரைவர், சேதியை மேல கொண்டுவர்ற நரம்பு. கேஷியர், உத்தரவைக் கீழ கொண்டுபோற நரம்பு. ரெண்டு பேரும் வேலையை மாத்திக்கக் கூடாது."

"அப்ப நாங்க, சார்?" என்றார் துணி தேய்க்கும் இஸ்திரி அக்கா.

"நீங்கல்லாம் தோல். உணரணும், சொல்லணும். சொந்தமா எதையும் செய்யக் கூடாது."

நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே நூலிழை இடைவெளி உண்டாம். அதை ரசாயனம்தான் தாண்டுமாம். எங்கள் நிலையத்தில் அந்த ரசாயனம் தேநீர். ஒரு கோப்பை உள்ளே போகாமல் எந்தச் சேதியும் டிரைவரை விட்டு நகராது. திட்டம் அமோகமாக நடந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த தகவல், தரை காய்ந்த பிறகு "முறைப்படி" மூளையை எட்டியது.

அடுத்த வாரம் ஆவி இஸ்திரி இயந்திரத்தின் மேல்தட்டு ஒரு வாடிக்கையாளரின் கோட்டு மீது இறங்கும்போது, இஸ்திரி அக்காவின் சட்டைக்கையோடு மணிக்கட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. காலால் மிதித்துத் தட்டை உயர்த்தும் மிதிகட்டையும் இறுகிப்போயிற்று. அவசரக் கைப்பிடி என் மேசைக்கு மேலே சுவரில் இருந்தது.

"தம்பி! கை மாட்டிக்கிச்சு! அந்தப் பிடியை இழுங்க!"

"சேதி மேல போயிருக்குக்கா. கொஞ்சம் பொறுங்க."

"எரியுது தம்பி!"

"அதையும் சேர்த்துத்தான் சொல்லச் சொல்லியிருக்கேன்."

கேஷியர் மாடியிலிருந்து பதவிக்குரிய நிதானத்தோடு இறங்கி வந்தார். "மூளை கேக்குது, எந்தக் கை?"

அக்கா அலறினார். என் கை என்னைக் கேட்காமலே பாய்ந்து பிடியை இழுத்தது. தட்டு உயர்ந்தது. அவர் மணிக்கட்டில் தோல் வெந்து சிவந்திருந்தது. குழாயைத் திறந்து, கையைத் தண்ணீரில் பிடித்தேன். அக்கா அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் இறங்கி வந்தார். "யாரைக் கேட்டு இழுத்தே?"

"தானா இழுத்துடுச்சு, அத்தான்."

"தானாவா? அப்ப உனக்கு நரம்புல ஏதோ கோளாறு!"

சாயங்காலமே என்னை அந்த மருத்துவரிடம் இழுத்துப் போனார். அவர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கோளாறெல்லாம் இல்லை. நெருப்புல கை பட்டா, முதுகுத்தண்டே கையை இழுத்துக்கச் சொல்லிடும். மூளைக்கு அப்புறந்தான் தெரியும். அன்னைக்கு அதைச் சொல்ல வந்தேன், நீங்க போன்ல இருந்தீங்க."

"முன் அனுமதி இல்லாமலா?"

"அனுமதி வர்றவரைக்கும் கை இருக்கணுமே, சார்."

அத்தானின் முகம் வாடிப்போயிற்று. மருத்துவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "மூளை பெரிய அதிசயம் சார். உடம்புல எங்க வலிச்சாலும் அதுக்குத்தான் தெரியும். ஆனா அதையே கத்தியால கீறினாலும் அதுக்கு வலிக்காது!"

அத்தான் மலர்ந்தார். காரில் ஏறி உட்கார்ந்ததும் கவலையோடு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், அந்த மெஷின்ல இருந்த கோட்டு கருகலையே?"

யாருக்கும் ஐயம் வேண்டாம். எங்கள் முதலாளி சுத்தமான, கலப்படமில்லாத மூளை. வலி என்பதே அவருக்குத் தெரியாது.