டிமாண்டில் இருப்பவர்

இவரை உங்களுக்குத் தெரியும். வேலைச் சந்தையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் கேட்காமலேயே சொல்கிற இனம். எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் மும்பையில், அதுவும் மாதுங்காவில், கொஞ்சம் கூடுதலாகவே செழிக்கும். இங்கே கட்டடத்துக்கு நாலு ப்ராஜக்ட் மேனேஜர்கள் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. பயம் இருக்கிற இடத்தில் ஜோசியம் சொல்பவருக்கு என்ன குறை?

மாதிரிக்கு வேங்கடசுப்ரமணியனை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்தொன்பது. செம்பூரில், கடைகளுக்கு உள்வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் ப்ராஜக்ட் மேனேஜர். துணிக்கடையோ செருப்புக்கடையோ, காலியாகக் கிடக்கும் இடத்தில் ஆசாரி, எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லாரையும் கட்டி மேய்த்து, சொன்ன தேதியில் திறப்பு விழாவுக்குத் தயாராக்க வேண்டும். அதுதான் வேலை. அந்த வேலையை வேங்கடசுப்ரமணியன் செய்து பார்த்தவர்கள் அதிகம் இல்லை. அவர் அதற்கு வேண்டிய திறமைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் அஜைல் என்கிற வேலை முறைதான் எல்லாம் என்றார். நாலே நாளில் படித்துச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். அடுத்த வருஷம் அஜைல் எல்லாம் பழைய கதை, டேட்டா தெரியாதவன் ஆளே இல்லை என்றார். அதற்கு ஒரு வாரம். போன வருஷம் ஏஐ. இந்த வருஷம் ஏஐ எல்லாரிடமும் வந்துவிட்டதாம், ஆகவே சக மனிதர்களோடு பேசத் தெரிவதுதான் சந்தையில் கிராக்கியான திறமை என்று கண்டுபிடித்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, எவரோடும் ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு நாளில் ஆன்லைனில் அதற்கும் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டார். பேசத் தெரிந்துவிட்டது என்று கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்தது. பிறகென்ன?

காலையில் கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்குவதற்குள் குறைந்தது ஒருவராவது சிக்குவார். கொஞ்சம் நகர்ந்து உட்கார முடியுமா என்று கேட்ட பாவத்துக்கு, "உங்க ப்ரொஃபைல்ல ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட் போட்டிருக்கேளோ? போடலைன்னா இந்த வருஷம் ஒருத்தனும் கூப்பிடமாட்டான்" என்பார். கேட்டவர் பல் டாக்டராக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.

வீட்டில் எப்படி என்கிறீர்களா? அவர் மனைவி ருக்குவைக் கேளுங்கள்.

"ரெண்டு மாசமா கீசர் ஓடலை."

"தெரியும் ருக்கு. அது ட்ராக்கர்ல இருக்கு. டிபென்டன்சி க்ளியர் ஆகணும்."

"எலக்ட்ரீஷியனுக்கு ஒரு ஃபோன் பண்ணணும். அவ்ளோதானே?"

"நீ கீழ் லெவல்ல யோசிக்கறே."

கீழ் லெவலில் யோசித்த ருக்கு ஃபோன் செய்தாள். சாயங்காலம் வெந்நீர் வந்தது. வேங்கடசுப்ரமணியன் சுகமாகக் குளித்துவிட்டு வந்து, பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது பற்றி ஒரு பதிவு போட்டார்.

அதே கம்பெனியில் இன்னொரு ப்ராஜக்ட் மேனேஜர் உமைரா. தாராவிக்காரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பத்து வருஷ சர்வீஸ், ஒரு சான்றிதழ்கூடக் கிடையாது. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் எந்தப் பாலிஷ்காரர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் திரும்பி வருவார், எவர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார், சயனில் முட்டளவு தண்ணீர் நின்றாலும் எந்த டெம்போக்காரர் வண்டி எடுப்பார், எந்த ஆசாரியைத் திட்டினால் வேலை நடக்கும், எவரைத் திட்டினால் உளியைப் போட்டுவிட்டுப் போவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் கடைகள் சொன்ன தேதியில் திறந்தன. வேங்கடசுப்ரமணியனின் கடைகள் பெரும்பாலும் அவள் போய் நின்ற பிறகு திறந்தன.

அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு இரக்கம் சுரக்கும்.

"உமைரா, நீ பண்றதுக்கெல்லாம் மார்க்கெட்ல பேரே கிடையாது. காலம் இருக்கறச்சேயே அப்ஸ்கில் பண்ணிக்கோ."

"பண்ணிக்கிடுதேன் சார். கண்ணாடி பாதி கீறலா வந்திருக்கு. மொதல்ல அதை மாத்தி வாங்கிட்டு வாரேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை இடி விழுந்தது. அவர் குழுவும் உமைராவின் குழுவும் ஒன்றாகின்றன. இனி ஒரு ப்ராஜக்ட் மேனேஜர் போதும். இருவரும் தங்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதித் தரவேண்டும், வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக மேலதிகாரி சாதனா அறிவித்தாள். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெண்; தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது, ஆனால் ஆளை நன்றாக வாசிப்பாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே வேறு வேலை தேட ஆரம்பித்திருப்பார்கள். வேங்கடசுப்ரமணியனுக்குக் குஷி பிறந்தது. பரீட்சை அவருடைய மைதானம் அல்லவா? "ஃபார்மட் நான் போட்டுத் தரேன்" என்று தானாகவே முன்வந்தார். மூன்று நாள் சைட்டுக்கே போகாமல் அட்டவணை போட்டார். திறமையின் பெயர், சந்தையில் அதன் கிராக்கி, எல்லாம் போட்ட பிறகும் மனசு நிறையவில்லை. தான் எவ்வளவு சூட்டிகையானவர் என்பது அதில் தெரியவில்லையே. கடைசியில் இன்னொரு கட்டம் சேர்த்தார்: 'கற்க எடுத்துக்கொண்ட காலம்.' தன் பக்கத்தை நிரப்பினார். நாலு நாள். ஒரு வாரம். இரண்டு நாள். பதினேழு திறமைகள், எதுவும் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. படிக்கப் படிக்க அவருக்கே தன்மேல் மரியாதை கூடியது.

உமைராவின் பக்கத்தை அவரே கேட்டு நிரப்பினார். பெருந்தன்மை.

"என்ன எழுதட்டும்?"

"ஆள வரவைக்கது. வந்தவன போவாம நிறுத்துறது. அவ்ளதான் சார்."

"எத்தனை நாள்ல கத்துண்டே?"

"எப்படிச் சொல்ல? பத்து வருசமாச்சு. இன்னும் சில பேருகிட்ட ஏமாறத்தான் செய்தேன்."

பத்து வருஷம் என்று எழுதி, அதற்குச் சிவப்பு வர்ணம் பூசினார். பாவம், மந்தம் என்று நினைத்துக்கொண்டார். வியாழக்கிழமையே அவளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதமும் தயார் செய்து வைத்தார். அடிக்கப்போகும் அடிக்கு முன்கூட்டியே மருந்து வாங்கி வைக்கிற இந்த நல்ல மனசைத்தான் இந்த இனத்தில் சகிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாதனா அவரை முதலில் கூப்பிட்டாள்.

"வேங்கி சார், ஃபார்மட் ஃபர்ஸ்ட் க்ளாஸ். நானா யோசிச்சிருந்தா இவ்வளவு க்ளியரா வந்திருக்காது. அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு டிசைட் பண்ணிக் குடுத்துச்சு."

வேங்கடசுப்ரமணியன் அடக்கமாகச் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாமே ரெண்டு நாள், நாலு நாள். நாளைக்கே வேணும்னாலும் ரெண்டு பசங்களை உக்கார வச்சா அத்தனையும் மூணு மாசத்துல கத்து முடிச்சிடுவாங்க. உமைரா போயிட்டா நான் அந்தப் பத்து வருஷத்துக்கு எங்க போறது?"

"ஆனா மார்க்கெட்ல என் ஸ்கில்லுக்குத்தான் டிமாண்ட்..."

"தெரியும் சார். நீங்கதான் தினம் சொல்றீங்களே. அதனால உங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. உமைராவை வெளியே அனுப்பினாத்தான் கஷ்டமா இருந்திருக்கும்."

அவருக்கு வலித்தது, மறைப்பானேன்? காது சிவந்து, பேனாவை மூன்று தடவை திறந்து மூடினார். அட்டவணையைத் திரும்பப் பார்த்தார். கையெழுத்து அவருடையது, கணக்கு அவருடையது, வர்ணம்கூட அவர் பூசியது. வெளியே வந்து சுவரிலிருந்து சான்றிதழ்களை இறக்கிக்கொண்டிருந்தபோது உமைரா வந்து நின்றாள்.

"சார், இவ்வளவும் ட்ரெயின்ல கொண்டுபோவ முடியாது. டெம்போ சொல்லட்டா? அஞ்சு நிமிசத்துல வந்துருவான்."

வந்துவிட்டான். நாலே நிமிஷம்.

திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். மறுநாள் காலையே 'வேலை இழப்பு எனக்குக் கற்றுத்தந்த ஐந்து திறமைகள்' என்று பதிவு வந்துவிட்டது. முந்நூறு பேர் கைதட்டினார்கள். டோம்பிவிலியிலிருந்து ஒருவர், காட்கோபரிலிருந்து இருவர், வேலையில் இருக்கிறவர்கள், வேலை இல்லாத அவரிடம் அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசனை கேட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போகட்டும். இதை வாசிக்கும்போதே உங்கள் ஆபீஸில் ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்திருக்கும். இது அச்சாக அந்த ஆள்தான் என்று அவருக்கே அனுப்பி வைக்க விரல் துடிக்கும். தாராளமாக அனுப்புங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் சிவப்பு வர்ணம் பூசியபோது வேங்கடசுப்ரமணியனுக்கும் ஒருவருடைய முகம்தான் நினைவில் இருந்தது. அது அவருடைய முகம் இல்லை.