முந்திரி விலை வரைபடமும் மூன்று பக்க உரிமமும்

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எங்களில் உரிம ஒப்பந்தத்தைப் படித்தவர் யாரும் கிடையாது. கீழே இழுத்து, சம்மதம் என்ற கட்டத்தை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான். அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

பெண் வீடு லால்பேட்டை. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பண்ருட்டியில் முந்திரி மண்டி. இந்தக் கடலூர் செம்மண்டலத்துப் பையன் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறான் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். முந்திரி விலை ஏறி இறங்குவதைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை அவர் மண்டிக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். வரைபடம் போடும் நிரல் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. எடுத்துச் சொருகினேன். பச்சைக் கோடு வளைந்து நெளிந்து ஏறியது. (யாரோ எழுதியதற்கு நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.)

என் லேப்டாப்பில் ஓடியவரை அது வாயைத் திறக்கவில்லை. மண்டியின் பெயரில் இணையத்தில் ஏற்றி அவர் முன்னால் திறந்தபோதுதான், கோட்டின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஓர் ஆங்கில வாசகம் வந்து நின்றது.

"இது என்னா தம்பி?"

"டிசைன் மாமா."

மூக்குக் கண்ணாடியை மாட்டினார். "நான் துபாய்ல இருபது வருஷம் கப்பல் பேப்பர் பாத்தவன். வியாபாரத்துக்கு அனுமதி இல்லன்னுல்ல போட்டுருக்கான்?"

உரிமத்தைத் திறக்கச் சொல்லி, மூன்று பக்கத்தையும் வரிவரியாகப் படித்தார். சொந்த உபயோகத்துக்கு இலவசம், கடைக்கென்றால் தனி உரிமம் வாங்க வேண்டும். இரண்டாம் பத்தியிலேயே இருந்தது.

"நீங்க படிச்சீங்களா?"

"இல்ல மாமா. சரின்னு போட்டுட்டேன்."

"எம் பொண்ணுக்கும் அப்டித்தான் சரின்னீங்களா?"

லேப்டாப்பை மூடிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். இந்தச் சம்பந்தம் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன். ஒரு வாரம் உரிமங்களாகவே படித்தேன். ஒன்று, நீ எழுதியதையும் ஊருக்குத் திறந்து கொடு என்றது. இன்னொன்று, எழுதியவன் பெயரை அழிக்காதே, மற்றபடி உன் இஷ்டம் என்றது. இந்த இரண்டாவது உரிமத்தோடு வந்த வேறொரு வரைபட நிரலை வைத்துப் பக்கத்தைத் திருத்தி, உரிமத்தைத் தாளில் அச்சடித்து மாமாவிடமே நீட்டினேன். படித்துவிட்டு, "இவன் நியாயஸ்தன்" என்றார். என்னைச் சொல்லவில்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

நிக்காஹ் அன்று கையெழுத்துக்குப் பதிவேட்டை நீட்டினார்கள். நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பக்கத்தைத் திருப்பும்போது மாமா என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, இத படிச்சாலும் மாத்த முடியாது. ஊரே பசியா கெடக்குது, போடுங்க."

கல்யாண வீடியோவில் நான் படிக்கும் அந்தக் கால் மணி நேரம் வெட்டாமல் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறாள்.