சத்தம் போடாத கம்ப்யூட்டர்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய விஜயபாண்டி மாமாவுக்கு, அக்கா மகள் அனுசியா எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம். பட்டாளத்துப் பனியில் நீங்களும் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

போன லீவில் நீங்கள் விட்டுச்சென்ற பழைய கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, காற்றாடியில் சுற்றியிருந்த பஞ்சு. அப்பா சட்டையோடு மில்லிலிருந்து வந்த பஞ்சுதான். அதை எடுத்த பிறகும் கிரைண்டர் மாதிரி இரைந்தது, படம் வர ஐந்து நிமிடம் ஆனது. நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா பகலில் தூங்குவதும், அம்மா படம் பார்ப்பதும் ஒரே அறையில்தானே, அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுப்புராஜ் அண்ணனிடம் சுற்றாமல், சத்தமில்லாமல் வேலை செய்யும் எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றும் மெதுவாகச் சுற்றும் பெரிய காற்றாடியும் வாங்கினேன், அவர் லினக்ஸ் சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் ஏற்றித் தந்தார், நானே போட்டேன், அதிராமல் இருக்கத் திருகுகளுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன், இப்போது பதினைந்து நொடியில் படங்களின் பட்டியல் வந்து நிற்கிறது, மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அதுதான் வினை. அப்பா முப்பது வருஷமாக மில் ஃபிட்டர். சத்தம் வராத மெஷின் நின்றுபோன மெஷின் என்பது அவர் கணக்கு. அம்மா ஆன் செய்வாள். படுக்கப் போகுமுன் அப்பா திரையைப் பார்க்காமல் பெட்டியில் காதை வைத்துப் பார்த்து, "ஏட்டி, இது ஓடல" என்று பட்டனை அமுக்குவார். அணைந்துவிடும்.

"ஓடுனதப் போயி அமத்திட்டியளே!"

"ஓடுனா இரையாதா?"

ஒரு வாரமாக அம்மா ஒரு படத்தில்கூட டைட்டிலைத் தாண்டவில்லை. பட்டனை அமுக்கினாலும் அணையாதபடி செட்டிங்கை மாற்றினேன். இப்போது அப்பா அமுக்குகிறார், படம் ஓடுகிறது. "பாத்தியா, நம்ம கை பட்டாத்தான் ஓடுது" என்கிறார். அமுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமா, விஷயத்துக்கு வருகிறேன். "ஒங்கப்பா சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கடையில வேலை தாரேன்" என்கிறார் சுப்புராஜ் அண்ணன். ஒன்பதாவதோடு நின்றதிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும். அப்பாவிடம் கேட்க நாக்கு எழவில்லை. உங்களிடம் போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். நான் சொன்னதாகக் காட்டாமல் நீங்கள் கேளுங்கள். இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

நாட்டுக்கு நீங்கள் காவல், உங்களுக்கு நம் அய்யனார் காவல்.

இப்படிக்கு,
அனுசியா

பின்குறிப்பு: உங்களுக்கு எழுதும் கடிதத்தின் அடியில் அப்பா இரண்டு வரி எழுதுவது வழக்கம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் இதையும் அவரிடமே நீட்டிவிட்டேன். முழுவதும் படித்தார். "பக்கத்துல இருக்கிற என்கிட்ட கேக்கதுக்கு, பார்டர் வரைக்கும் ஸ்டாம்பு ஒட்டணுமாக்கும்?" என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "அப்ப நான் அமுக்கி ஓடலியா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். "நாளைக்கு ஒம்போது மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு. நானும் வாரேன்" என்றார். ஆகவே நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். நான் போய் நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்தேன்.